அரை மலை ஏற்றம்: ரமணாசிரமம் – ஸ்கந்தாசிரமம் – விருபாட்சி குகை

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையைச் சுற்றுகிறார்கள், ஏறுகிறவர்கள் கொஞ்சம்தான். கிரிவலப் பாதையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் மலை ஒரே பாறைக் குவியலாகத் தெரியும். ஆனால் ரமணாசிரமத்தின் பின்பக்கத்திலிருந்து கிளம்பும் கல் பாவிய பாதையில் முக்கால் மணி நேரம் நடந்தால் அதே மலை வேறாக இருக்கிறது. அங்கே சுனை இருக்கிறது, தென்னை இருக்கிறது, நிழல் இருக்கிறது. காலடியில் அண்ணாமலையார் கோயில் முழுதாக விரிந்து கிடக்கிறது.

இந்த அத்தியாயம் அந்த அரை மலை ஏற்றத்துக்கான வழிகாட்டி. ஆசிரமத்தில் தொடங்கி ஸ்கந்தாசிரமம் வரை ஏறி, விருபாட்சி குகை வழியாகக் கோயிலின் பின்புறம் இறங்குவது இதன் பாதை. வழி நெடுகத் தண்ணீரைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். இந்த மலையில் குகையும் குடிலும் எங்கே அமைந்தன, ஏன் இடம் மாறின என்பதற்கெல்லாம் விடை பெரும்பாலும் தண்ணீர்தான்.

ஒரு பார்வையில்

தொடக்கம்: ரமணாசிரமம், செங்கம் சாலை. பேருந்து நிலையத்திலிருந்தும் ரயில் நிலையத்திலிருந்தும் ஆட்டோ கிடைக்கும்.

முடிவு: அண்ணாமலையார் கோயிலின் மேற்குப் பக்கம், பேகோபுரத் தெரு.

நேரம்: நிதானமாக ஏறி, உட்கார்ந்து, இறங்க மூன்று மணி நேரம். ஏற்றம் மட்டும் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை.

கடினம்: நடக்கப் பழகிய எவரும் ஏறலாம். இறக்கத்தில் முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம்.

ஏற்ற மாதங்கள்: டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி வரை.

கட்டணம்: ஆசிரமத்துக்கோ குகைக்கோ நுழைவுக் கட்டணம் இல்லை.

உச்சிக்குப் போகலாமா?

முதலில் இதைத் தீர்த்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மலையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர், அதாவது ஏறக்குறைய 2,670 அடி. கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு அங்கேதான் கொப்பரையில் மகாதீபம் ஏற்றுகிறார்கள். ஏற்றுவது பர்வதராஜ குலத்தாரின் உரிமை. தீபம் 11 நாட்கள் எரியும்.

மற்ற நாட்களில் உச்சிக்கு ஏற வனத்துறை அனுமதிப்பதில்லை. இது காப்புக்காடு. ஸ்கந்தாசிரமத்துக்கு மேலே போகும் தடத்தில் படியும் இல்லை, நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. வழி தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு ஆசிரம வாசலிலோ பாதையிலோ யாராவது பணம் கேட்டு உச்சிக்குக் கூட்டிப்போக முன்வந்தால் மறுத்துவிடுங்கள். வழி தவறினாலோ கால் பிசகினாலோ தூக்கிக்கொண்டு இறங்க ஆள் கிடைப்பது கடினம்.

2024-இல் இந்தக் கட்டுப்பாட்டுக்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் இந்தப் பகுதியில் மழையைக் கொட்டித் தீர்த்தது. மறுநாள் டிசம்பர் 1 மாலை மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி மறுக்கப்பட்டது. மழை ஊறிய மலையில் எந்தப் பாறை எப்போது நகரும் என்று யாரும் சொல்ல முடியாது. எனவே இந்த நூல் உச்சிக்கு வழி சொல்லவில்லை. அரை மலையே போதும் என்பதை நடந்து பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

எப்போது போவது

ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் திருவண்ணாமலை வெயில் 40 டிகிரியைத் தொடும். பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடும். அந்த மாதங்களில் வந்தே தீர வேண்டியவர்கள் காலையிலேயே ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் முற்பாதி வரை வடகிழக்குப் பருவமழை. மழை நின்ற மறுநாள் மலை மிக அழகாக இருக்கும், ஆனால் கல் வழுக்கும். முந்தின இரவு கனமழை பெய்திருந்தால் அன்று ஏறாதீர்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காற்று குளிர்ந்து, புல் இன்னும் பச்சையாக, சுனைகளில் தண்ணீரோடு மலை முழுக்கோலத்தில் இருக்கும்.

பௌர்ணமி நாளையும் அதற்கு முன்பின் நாட்களையும் தவிர்ப்பது நல்லது. கிரிவலத்துக்கு லட்சக்கணக்கானோர் வரும்போது செங்கம் சாலையில் ஆட்டோகூட நகராது. சித்திரா பௌர்ணமி, கார்த்திகைத் தீபம் இரண்டிலும் ஊருக்குள் தங்க இடம் கிடைப்பதே அரிது.

ஸ்கந்தாசிரமமும் விருபாட்சி குகையும் ரமணாசிரமத்தின் பொறுப்பில் உள்ளவை. காலை எட்டரை மணி வாக்கில் திறந்து மாலை நான்கு மணி அளவில் மூடுவது வழக்கம். இந்த நேரங்கள் மாறக்கூடும் என்பதால் கிளம்புமுன் ஆசிரம அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏழரை மணிக்கு நடக்கத் தொடங்கினால் கதவு திறக்கும் நேரத்துக்கு மேலே இருக்கலாம்.

கையில் என்ன வேண்டும்

ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், வெயிலுக்குத் தொப்பி அல்லது துண்டு, ஒரு சின்னத் தோள்பை. இவ்வளவு போதும். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். பாதையில் குரங்குகள் உண்டு. பை என்றாலே தின்பண்டம் என்று அவற்றுக்குத் தெரியும். வாழைப்பழத்தை வெளியே எடுத்தால் அது உங்களுடையது அல்ல. பிடுங்க வந்தால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள். பல்லைக் காட்டிச் சிரிப்பதும் கண்ணோடு கண் பார்ப்பதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பு.

ஆசிரமத்துக்குப் பெயர் தந்த ரமணர் மலையில் வாழ்ந்த காலத்தில் இந்தக் குரங்குக் கூட்டங்களோடு நெருங்கிப் பழகியவர். கூட்டத்தால் கடிபட்டு நொண்டியான ஒரு குட்டியை எடுத்துத் தேற்றினார் என்றும், அந்த 'நொண்டி' பின்னாளில் கூட்டத்துக்கே ராஜாவானது என்றும் அவருடைய வரலாறு சொல்கிறது. அந்த உறவை நாமும் பொரி கடலையால் வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். தீனி போடப் போடத்தான் அவை மனிதர்கள்மேல் பாய்கின்றன.

செருப்பு உங்கள் விருப்பம். மலையே சிவம் என்று நம்புகிறவர்கள் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். பாவுகல் பாதை ஆதலால் காலையில் அது முடியும். திரும்பும்போது கல் சூடேறியிருக்கும். செருப்போடு போகிறவர்கள் பிடிப்புள்ள அடி உள்ளதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு, மழமழப்பான படியில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

ஆசிரமத்தில் அரை மணி நேரம்

ஏறுமுன் ஆசிரமத்துக்குள் சற்று நேரம் செலவிடுங்கள். முற்றத்தில் நிற்கும் பழைய இலுப்பை மரம், ரமணரின் சமாதி, அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்த பழைய ஹால், தாயார் அழகம்மாளின் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயில் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மயில்கள் கூரையில் உட்கார்ந்து அலறும். பசு லட்சுமி, ஒரு மான், ஒரு நாய், ஒரு காக்கை ஆகியவற்றின் சமாதிகளையும் பார்க்கலாம். பேசும் குரல் தாழ்ந்தே இருக்கட்டும். உள்ளே படம் எடுப்பதைத் தவிருங்கள்.

ஆசிரமத்துக்கு மேற்கே பாலி தீர்த்தம். 1922 மே 19 அன்று அழகம்மாள் ஸ்கந்தாசிரமத்தில் காலமானார். மலைமேல் அடக்கம் செய்யாமல் தெற்கு அடிவாரத்துக்குக் கொண்டுவந்து இந்தக் குளத்தருகே சமாதி வைத்தார்கள். ரமணர் தினமும் மேலேயிருந்து சமாதிக்கு இறங்கி வந்துபோய்க்கொண்டிருந்தார். அந்த ஆண்டின் இறுதியில் கீழேயே தங்கிவிட்டார். ஒரு கூரைக் கொட்டகையில் தொடங்கிய ஆசிரமம் இது. ஆக, நீங்கள் ஏறப்போகும் பாதை அவருடைய வாழ்க்கையைப் பின்னோக்கிப் படிக்கும் பாதை. கீழே 1922 முதல் 1950 ஏப்ரல் 14 வரை, மேலே ஸ்கந்தாசிரமத்தில் 1916 முதல் 1922 வரை, அதற்கும் முன்பு விருபாட்சி குகையில் 1899 முதல் 1916 வரை. கடைசியில் நீங்கள் இறங்கும் கோயிலில்தான், 1896 செப்டம்பர் 1 அன்று, 16 வயதுப் பையனாக அவர் வந்து சேர்ந்தார்.

ஏற்றம்: பின்கதவிலிருந்து

ஆசிரமத்தின் வடபுறம் பின்கதவு. அதைத் தாண்டியதும் பாவுகல் பாதை தொடங்குகிறது. முதல் பத்து நிமிடம் மரநிழல். அதன்பின் ஏற்றம் சற்று நிமிரும். ஆனால் மூச்சு முட்டும் அளவுக்கு எங்கும் இல்லை. படியும் சரிவும் மாறி மாறி வரும். வேகமாக ஏறி நின்று மூச்சு வாங்குவதைவிட, பேசிக்கொண்டே ஏறும் வேகத்தில் நிற்காமல் போவது நல்லது.

பாதையோரம் மாக்கல்லில் சிறு லிங்கமும் நந்தியும் பிள்ளையாரும் செதுக்கி விற்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வாங்குவதானால் இறங்கும்போது என்று தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் இந்த வழியாகத் திரும்பப் போவதில்லை.

பாதி ஏற்றத்தில் ஒருமுறை தெற்கே திரும்பிப் பாருங்கள். ரமண நகர் வீடுகளுக்கு அப்பால் சமுத்திரம் ஏரி. நல்ல மழை ஆண்டில் வானத்தைப் பிடித்து வைத்தது போல் கிடக்கும்; கோடையில் ஆடு மேயும் பொட்டல். மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது என்பதற்கு அடிவாரத்தில் உள்ள ஏரி, குளம், தீர்த்தங்களே விடை. பாலி தீர்த்தம், அக்னி தீர்த்தம், சிங்கத் தீர்த்தம், ஊருக்குள் அய்யங்குளம் என்று மலையைச் சுற்றிலும் நீர்நிலை வெட்டி வைத்திருக்கிறார்கள். மலை தண்ணீரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது என்று முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த இடத்தில் நீலகிரியை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஊட்டிப் பக்கத்துச் சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே பள்ளங்களில் கால் வைத்தால் கருப்பு மண் பொதபொதவென்று உள்வாங்கும். புல்லும் பாசியும் முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது, பீட் என்கிறார்கள். அந்த மண்ணைத் தோண்டி ஆராய்ந்துதான், கடந்த 20,000 ஆண்டுகளில் தென்னிந்தியப் பருவநிலை எப்படி மாறியது என்று 1993-இல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடையில் கசியவிடுவது அந்த மண்ணின் வேலை. இந்த அருணாசல மலையில் அப்படி ஒரு மண் அடுக்கு இல்லை. பாறைமேல் மெல்லிய மண், அதன்மேல் புல். பெய்யும் மழை அரை மணி நேரத்தில் அடிவாரம் வந்துவிடும். அதையும் மீறிப் பாறை இடுக்கில் தேங்கிக் கசியும் இடங்கள் சில. அந்த இடங்களில்தான் சாமியார்கள் தங்கினார்கள்.

கோபுரக் காட்சி: மேலேயிருந்து கோயிலைப் படிப்பது

பாதை மலையின் தோளைச் சுற்றிக் கிழக்கே திரும்பியதும், ஸ்கந்தாசிரமத்தை நெருங்கும்போது, மரங்கள் விலகும் பாறைத் திட்டிலிருந்து கோயில் தெரியும். எல்லோரும் இங்கே நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து எந்தக் கோபுரம் எது என்று அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

நீங்கள் கிழக்கு நோக்கி நிற்கிறீர்கள். சுமார் 25 ஏக்கர் கோயில். மொத்தம் ஒன்பது கோபுரங்கள். தூரத்தில், எதிர்முனையில், எல்லாவற்றையும்விட உயரமாக நிற்பது கிழக்கு ராஜகோபுரம். 11 நிலை, 217 அடி. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் காலத்தில் எழத் தொடங்கியது. உங்களுக்கு மிக அருகே, மலையைப் பார்த்து நிற்பது மேற்கே உள்ள பேகோபுரம். இடது கைப் பக்கம், வடக்கே, அம்மணி அம்மன் கோபுரம், 171 அடி. ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டி அம்மணி அம்மாள் என்ற சந்நியாசினி கட்டி முடித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. வலது கைப் பக்கம், தெற்கே, திருமஞ்சன கோபுரம். இந்த நான்கும் வெளிமதிலில் உள்ளவை. உள்ளே வல்லாள மகாராஜா கோபுரம், போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பெயர் தாங்கியது. அதற்கும் உள்ளே கிளி கோபுரம். அருணகிரிநாதர் கிளியுருவில் தங்கினார் என்ற கதை அதைச் சுற்றியது. எஞ்சிய மூன்றும் கட்டைக் கோபுரங்கள். தரையில் நின்றால் மதில் மறைத்துவிடும். இந்தக் கட்டமைப்பு முழுதும் ஒரே பார்வையில் அகப்படும் இடம் மலை மட்டுமே.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. காலையில் சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். கோபுரங்கள் நிழலுருவாகவே விழும். மதியத்துக்கு மேல் வெயில் உங்கள் முதுகுப்பக்கம் போய்விடும். கோபுரத்தின் மேற்கு முகம் துலக்கமாகத் தெரியும். ஆனால் குளிர்மாதங்களில் நான்கு மணிக்கு மேல் மலையின் நிழலே கோயில்மேல் விழத் தொடங்கிவிடும். மூன்று மணி வாக்கில் வருவதே பொருத்தம். அப்படி வருகிறவர்கள் கதவு மூடும் நேரத்தையும் இருட்டையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கந்தாசிரமம்

தென்னைகள் தெரிந்தால் ஸ்கந்தாசிரமம் வந்துவிட்டது. மொட்டைப் பாறைச் சரிவில் தென்னை நிற்பதே தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அடையாளம். இங்கே பாறையிலிருந்து கசியும் சுனை நீர் உண்டு. கந்தசாமி என்ற அடியவர் தம் உழைப்பால் சரிவைச் சமன்படுத்திக் கட்டிய இடம். அவர் பெயரால்தான் ஸ்கந்தாசிரமம். விருபாட்சி குகையில் கோடையில் தண்ணீர் இராது, வந்துபோகிறவர்களும் பெருகிவிட்டார்கள். எனவே 1916-இல் ரமணர் இங்கே வந்தார். அழகம்மாள் இங்கே அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினார். அதுவரை பிச்சையிலும் அடியவர்கள் கொண்டுவரும் உணவிலும் நடந்த வாழ்க்கை அது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். சிறிய அறைகள், வெளியே திண்ணை, பாறை. உள்ளறையில் தியானம் செய்கிறவர்கள் இருப்பார்கள். கதவைச் சத்தமில்லாமல் திறந்து மூடுங்கள். செல்பேசியை அணைத்துவிடுங்கள்; அதிரும் ஒலிகூட அந்த அறையில் பெரிதாகக் கேட்கும். குழந்தைகளோடு வந்திருந்தால் ஒருவர் வெளியே அவர்களோடு இருந்து, மாறி மாறி உள்ளே போய்வருவது எல்லோருக்கும் நல்லது.

இறக்கம்: விருபாட்சி குகை

ஸ்கந்தாசிரமத்திலிருந்து விருபாட்சி குகைக்குப் படி இறங்குகிறது. பத்துப் பதினைந்து நிமிடம்தான், ஆனால் இந்தப் பயணத்தில் கவனம் தேவைப்படும் பகுதி இதுவே. கற்கள் சம உயரத்தில் இல்லை. கால்பட்டுக் கால்பட்டு மழமழத்திருக்கின்றன. முதியவர்கள் பக்கவாட்டில் காலை வைத்து இறங்கலாம். ஒரு கைத்தடி இருந்தால் நிம்மதி. முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் ஸ்கந்தாசிரமத்தோடு நிறுத்திக்கொண்டு, வந்த வழியே ஆசிரமத்துக்குத் திரும்பிவிடலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

குகை சின்னது. 13-ஆம் நூற்றாண்டில் கர்நாடகத்திலிருந்து வந்தவராகச் சொல்லப்படும் விருபாட்ச தேவர் இங்கே வாழ்ந்தார்; அவருடைய திருநீற்று மேடு உள்ளே இருக்கிறது. குகையின் வடிவம் ஓங்காரம் போன்றது என்பார்கள். உள்ளே காற்று வெதுவெதுப்பாகக் கனத்திருக்கும். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் வெளித் திண்ணையில் உட்காரலாம். ரமணர் 17 ஆண்டுகள் இருந்த இடம். 1907-இல் காவ்யகண்ட கணபதி முனிவர் அவரைச் சந்தித்து, பகவான் ரமண மகரிஷி என்று பெயரிட்டது இங்கே இருந்த காலத்தில்தான். ரமணர் பாடிய அருணாசல அட்சரமணமாலை பிறந்ததும் அவர் இங்கே இருந்தபோதே. பிச்சைக்குப் போகும் அடியவர்கள் தெருவில் பாடிச் செல்வதற்கு அது பயன்பட்டது.

குகைக்குச் சற்றுக் கீழே முலைப்பால் தீர்த்தமும் மாமரத்துக் குகையும். கோடையில் விருபாட்சியில் வெக்கை ஏறும்போது ரமணரும் உடனிருந்தவர்களும் இந்த மாமரத்துக் குகைக்கு மாறிவிடுவார்கள். பக்கத்தில் தீர்த்தம் இருந்ததே காரணம். அதன் பூட்டியிருக்கும் கதவை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

இன்னும் இறங்கினால் குகை நமசிவாயர் கோயில். கன்னட நாட்டிலிருந்து வந்த வீரசைவத் துறவி அவர். இந்தக் கோயில் மண்டபத்தில்தான் 'கீரைப்பாட்டி' என்ற மூதாட்டி வாழ்ந்தார். மலைச் சரிவில் கீரை பறித்துச் சமைத்து, விருபாட்சிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வழக்கம். ஊருக்குள்ளிருந்து எச்சம்மாள் என்ற அடியவர் ஆண்டாண்டு காலம் தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு இதே படிகளில் ஏறினார். இன்று நாம் மூச்சு வாங்கிக்கொண்டு 'டிரெக்கிங்' என்று சொல்லும் பாதை, அவர்களுக்கு அன்றாடச் சோற்றுப் பாதை.

அங்கிருந்து சந்துகள் வழியாகப் பேகோபுரத் தெரு. மலையடிவாரத்துக் குடியிருப்புகளுக்கு நடுவே போகிறீர்கள். வாசலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். கோயில் நடை சாத்துவதற்குள் வந்துவிட்டால் தரிசனமும் முடித்துவிடலாம். ஆசிரமத்துக்குத் திரும்ப ஆட்டோ உண்டு. ஏறுமுன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.

புல்லும் தீயும் மரமும்

ரமணர் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்தால் மலை மொட்டையாக நிற்கிறது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தீக்கும் காடு போய்விட்டது, எஞ்சியது புல். பாதையோரப் புல்லைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசனை அடிக்கும். இந்தப் புல் மழைக்கு ஆள் உயரம் வளர்ந்து, மாசியில் காய்ந்து, ஒரு பொறி பட்டால் போதும், மலையின் ஒரு பக்கம் முழுதும் எரியும். எரிந்த இடத்தில் மரக்கன்று பிழைக்காது; புல் மட்டும் மறுபடி துளிர்க்கும். இந்தச் சுழற்சிதான் மலையை மொட்டையாகவே வைத்திருந்தது.

1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியச் சூழலியலாளர் ஜான் சீட் உதவியோடு மலையில் மரம் நடும் முயற்சி தொடங்கியது. பின்னர் வேறு அமைப்புகளும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் தொடர்ந்தார்கள். 'ஃபாரஸ்ட் வே' என்ற அறக்கட்டளை ஆண்டுதோறும் நாட்டு மரக் கன்றுகளை வளர்த்து நடுகிறது. கோடையில் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவது, தீப் பிடித்தால் பச்சைத் தழையோடு ஓடி அடித்து அணைப்பது எல்லாம் அந்த வேலையில் அடங்கும். நீங்கள் நடக்கும் நிழல் தானாக வந்தது அல்ல. தண்ணீர் சுமந்து ஊற்றி வந்தது. வேர் பிடித்த இடத்தில் மண் தங்குகிறது, மண் தங்கிய இடத்தில் மழைநீர் கொஞ்சமாவது நின்று போகிறது. நீலகிரியில் பீட் மண் செய்வதை இங்கே மரவேர்தான் செய்ய வேண்டும்.

பறவை பார்க்கிறவர்கள் தொலைநோக்கியோடு வரலாம். மயிலும் கொண்டைக் குருவியும் எப்போதும் உண்டு. குளிர்காலத்தில் வலசை வரும் ஆறுமணிக்குருவி அடிவார மரக்கூட்டத்தில் சருகைக் கிளறிக்கொண்டிருப்பதை, அசையாமல் நின்றால் பார்க்கலாம். காலையும் அந்தியும் அது கூவும் நேரம்.

கவனிக்க

பாதையை விட்டு விலகாதீர்கள். புதரில் பாம்பும் குளவிக் கூடும் இருக்கலாம். ரமணரே ஒருமுறை ஓடைப் பள்ளத்தில் நடக்கும்போது குளவிக் கூட்டில் கால் பட்டு, தொடை வீங்கக் கொட்டு வாங்கியவர். கூட்டைக் கலைத்த கால் தண்டனை பெறட்டும் என்று அசையாமல் நின்றார். நீங்கள் அப்படி நிற்க வேண்டாம். தலையைத் துணியால் மூடிக்கொண்டு வந்த வழியே விலகி ஓடுங்கள்.

தனியாக வருகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஆள் நடமாட்டம் உள்ள காலை வேளையில் ஏறி, நான்கு மணிக்கு முன் இறங்கிவிடுவது நல்லது. பணப்பையும் நகையும் அறையிலேயே இருக்கட்டும்.

மலையைச் சுற்றி உள்ளே போகும் உள்வட்டப் பாதையும் காப்புக்காட்டுக்குள் உள்ளது. அங்கே போக வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேட்காமல் நுழையாதீர்கள்.

ஏற முடியாதவர்களுக்கு மாற்று: 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஆட்டோவில் சுற்றலாம். ஆசிரமத்திலிருந்து மேற்கே போனால் சிங்கத் தீர்த்தம், எமலிங்கம் என்று தொடங்கி, அடி அண்ணாமலை வழியாக மலையின் பின்புறம் வரலாம். கிழக்கிலிருந்து ஒரே கூம்பாகத் தெரிந்த மலை மேற்கே போனால் பல முகடுகளாகப் பிரிவதைப் பார்ப்பது தனி அனுபவம்.

ஆசிரமத்தில் தங்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே எழுதி இடம் கேட்க வேண்டும். சொல்லாமல் வந்து நின்றால் சீசன் மாதங்களில் இடம் இராது. செங்கம் சாலையிலும் ரமண நகரிலும் தனியார் விடுதிகள் நிறைய உண்டு.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். மலையில் எந்த இடத்திலும் கற்பூரம் கொளுத்தாதீர்கள், பீடி சிகரெட் பற்ற வைக்காதீர்கள். பத்து ஆண்டு வளர்ந்த கன்றுகளை அணையாத ஒரு தீக்குச்சி அரை மணி நேரத்தில் முடித்துவிடும். கொண்டுபோன தண்ணீர் பாட்டிலையும் பிஸ்கட் உறையையும் திரும்பக் கொண்டுவந்து கீழே குப்பைத் தொட்டியில் போடுங்கள். மேலே குப்பை அள்ள வண்டி வராது. யாரோ ஒருவர் முதுகில் சுமந்துதான் இறக்க வேண்டும்.